டிக்கியின் விளிம்பு

மார்ச் 3, திங்கள்

டாக்டரம்மாவின் காருக்குப் பெயின்ட் அடித்து இன்றோடு நான்காவது நாள். அரக்குச் சிவப்பு. அடித்தது அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். நிறத்துக்கு மேலே அடித்த கிளியர் கோட் நன்றாக இறுகிவிட்டது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்ன மேடு பள்ளம். ஸ்பிரே அடித்தால் அப்படித்தான் இருக்கும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்கி, பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்குவது என் வேலை. இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஷெட்டுக்கு இதுதான் முதல் வண்டி. பஸ் டிப்போவில் பதினோரு வருடம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனிதர், என் பேச்சை நம்பி வந்திருக்கிறார். மாதக் கடைசிவரை அவர் இடத்தை வேறு யாருக்கும் தர மாட்டார்களாம். அக்கா நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள்: "முதல் வண்டி சொதப்பிச்சுன்னா அவரு டிப்போவுக்கே திரும்பிப் போகட்டும்டா. உங்க பெருமைக்கு என் வீடு ஆடக் கூடாது."

ஆடாது அக்கா. தேய்க்கப்போவது நான்.

மார்ச் 4

கூரையும் பானெட்டும் முடிந்தன. சோப்புத் தண்ணீர், இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பர் கட்டை, ஒரே திசை. வழிகிற தண்ணீர் பால் மாதிரி வந்தால் தேய்வது கிளியர் மட்டும். அதில் வண்டியின் நிறம் தெரிந்தால் கதை கந்தல்.

விளிம்புகளில் பூச்சு மெலிசாக இருக்கும் என்று மச்சான் எல்லா ஓரத்துக்கும் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். "எடுத்துடாதீங்க மாப்ளே" என்று வேறு சொன்னார். எனக்கே பாடம்! சிரித்துவிட்டேன்.

மார்ச் 5

கதவுகளும் டிக்கியும் முடிந்தன. டிக்கி விளிம்பில், டேப்பை ஒட்டினாற்போல் ஒரு கோடு தேயாமல் நின்று கண்ணை உறுத்தியது. டேப்பை உரித்துவிட்டு, கட்டை இல்லாமல் விரலாலேயே நாலு இழுப்பு. தண்ணீர் ஒரு நொடி சிவப்பாக ஓடின மாதிரி இருந்தது. பின்விளக்கு பக்கத்தில்தானே இருக்கிறது, அதன் நிறம் அடித்திருக்கும். துடைத்தாயிற்று.

மார்ச் 6, வியாழன்

டேப்பையெல்லாம் எடுத்துவிட்டு பாலிஷ் ஆரம்பித்தோம். பானெட்டில் முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம், அப்படி வந்தது. மச்சானும் மெஷின் பழகட்டும் என்று டிக்கியை அவரிடம் விட்டேன்.

ஏன் டிக்கி? ஒரு கதவைக் கொடுத்திருக்கக் கூடாதா?

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "மாப்ளே, கொஞ்சம் இங்க வாங்க." குரலே சரியில்லை. விளிம்பில் விரல் நீளத்துக்குச் சிவப்பு போய், அடியில் இருந்த ப்ரைமர் சாம்பலாகத் தெரிந்தது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "அழுத்திட்டேன் போல. என் கை பஸ்ஸுக்குத்தான் லாயக்கு" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்ல மச்சான், பழகப் பழக வரும்."

சொன்னேனே! வாய் கூசலியா எனக்கு?

மார்ச் 7

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

டிக்கி மூடியைக் கழற்றி மச்சான் மறுபடியும் பெயின்ட் அடித்தார். டாக்டரம்மாவுக்கும் அவரே போன் செய்தார். "என் தப்பும்மா, இன்னும் ஒரு வாரம் குடுங்க." நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவின வாளி.

மத்தியானம் சாப்பாட்டோடு அக்கா வந்தாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "திங்கக்கிழமை டிப்போவுக்குப் போய்ப் பேசுறேன்னுட்டாரு. உன்மேல தப்பில்லடா, நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிட்டேன். அக்கா வீட்டுக்கே போய், ரெண்டு பேர் முன்னாடியும். டேப்பை உரிச்சது, தண்ணி சிவந்தது, மனசு உறுத்த உறுத்த டிக்கியை அவர்கிட்ட தள்ளிவிட்டது — ஒண்ணு விடலை. அக்கா எழுந்து உள்ளே போயிட்டா. மச்சான் தன் ரெண்டு கையையும் விரிச்சுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மூணு நாளா என் கையைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பா இருந்துது மாப்ளே."

அவ்வளவுதான். திட்டவே இல்லை. நாளைக்கு டிப்போவுக்குப் போவாரா? கேட்க வாய் வரலை.

மார்ச் 10

டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். "யார் தப்பா இருந்தா எனக்கென்ன, வண்டி என்னைக்கு வரும்?" என்றார்.

மச்சான் வரவில்லை.

மார்ச் 11

வந்தார். வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. டிப்போவுக்குப் போனாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 13, வியாழன்

டிக்கி மூடியில் அடித்த பூச்சு இறுகிவிட்டது. வாட்டர் பேப்பரை எடுக்கப் போனேன். மச்சான் எனக்கு முந்திக்கொண்டார். "நான் தேய்க்கிறேன், நீங்க தண்ணி ஊத்துங்க." ஊற்றினேன். அந்தக் கை பஸ்ஸுக்கு மட்டும் லாயக்கான கை இல்லை. சீராக, அவசரமில்லாமல் போகிறது; என்னைவிட மெதுவு, அதனால் என்னைவிட நன்றாகவே வந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"விளிம்பு போதுமா?" என்று கேட்டார்.

"போதும் மச்சான்."

அவர் குனிந்து, தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போனார். பார்க்கட்டும்.