ஏரிக்கு நீலம் அடிக்கலை

தை 8, திங்கள்

பனி. எட்டு மணி வரைக்கும் மலை கண்ணுக்கே தெரியல. கோயில் மணி மட்டும் எங்கிருந்தோ வந்துகினு இருந்துது. விரல் விறைச்சு, பஞ்சு சுத்தின குச்சி கையில் நிக்கல.

இன்னிக்கு ஸ்டூடியோ படங்களுக்குக் கலர் போட்டது: மொட்டை போட்டவங்க நாலு பேர் (தலைக்குச் சந்தன மஞ்சள், காதுக்குப் பின்னாடியும்). கல்யாண ஜோடி ஒண்ணு. புடவை அரக்குன்னு படத்துக்குப் பின்னால எழுதியிருக்கு. அரக்கு தீர்ந்துபோச்சு, சிவப்பில் துளி கறுப்பு கலந்து ஒப்பேத்தினேன். நீலம் பாட்டில் அடியில் ஒட்டிக்கினு இருக்கு. உலகச் சண்டை முடிஞ்சு இவ்வளவு நாளாகியும் கலர் பாட்டில் வரமாட்டேங்குது.

பாவா விடியறதுக்குள்ள காமிராவைத் தூக்கிக்கினு எதிர்ப் பாறைக்குப் போய்ட்டார். படம் பிடிக்கற கண்ணாடி பிளேட்டே கிடைக்காத காலம். ரெண்டு பிளேட்டை ஒரு பட்டுப்போன வேலமரத்துக்குச் செலவழிச்சுட்டு வந்து நிக்கிறார். கட்டினவராச்சேன்னு பார்த்தேன், இல்லேன்னா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டேன்தான்.

போன மாசமும் இப்படித்தான், ஒரு மரத்தைப் பிடிச்சு ஸ்டூடியோ வாசலில் மாட்டினார். மொட்டை போட வந்தவங்க கிட்டப் போய்ப் போய்ப் பார்த்துட்டு, ஆள் எங்கேன்னு என்னைக் கேக்கறாங்க. இலைக்கு மட்டுமாவது பச்சை வைக்கறேன்னேன். பட்டமரத்துக்கு இலை ஏதுன்னார். சரிதான்.

தை 11, வியாழன்

கன்னியம்மான்னு ஒருத்தி வந்தாள். பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்து ஊர். இருபத்தஞ்சு வயசிருக்கும். நல்ல கட்டு உடம்பு, நின்னதும் வாசல் அடைஞ்சுபோச்சு. முந்தானை முடிச்சில் லெட்டர். புருஷன் ஏழுமலை பட்டாளத்தில், பர்மா பக்கம், நாலு வருஷமா. படிச்சுக் காட்டச் சொன்னாள்.

லெட்டரில் இருந்தது: இப்போ டிஸ்சார்ஜ் வாங்கிக்கினு வரலாம், இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கலாம். மாசி முடியறதுக்குள்ள சொல்லணும். ஏரியில் தண்ணி இருந்தா வரேன், பயிர் வைக்கலாம். இல்லேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பட்டினி கிடக்கறதுக்கு நான் இங்கேயே இருக்கேன். நீ எழுதினா எல்லாம் சுகம்னுதான் எழுதுவே. அதனால ஏரியைப் போட்டோ பிடிச்சு அனுப்பு.

தண்ணி இருக்கான்னு கேட்டேன். குனிஞ்சுக்கினாள். கேட்டிருக்கவே வேணாம். ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் பொய்ச்சது ஊருக்கே தெரியும்.

பாவாவுக்கு மட்டும் முகமெல்லாம் பல்லு. ஆள் இல்லாத படம் வேணும்னு கேட்டு வந்த முதல் கிராக்கி இவள்தான்.

ரேஷன் அரிசியில் இன்னிக்கும் புழு. புடைச்சுப் புடைச்சு முறம்தான் தேயுது.

தை 13, சனி

முத பஸ்ஸில் ஏரிக்கு. பெட்ரோல் இல்லாம கரி வாயுவில் ஓடற பஸ், மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். என்னை எதுக்குக் கூட்டிக்கினு போனார்னு தெரியல. படத்தைப் பார்த்தாலே சண்டைக்கு வரவ, இடத்தைப் பார்த்தா என்ன பண்ணுவேன்னு பார்க்கத்தானோ.

ஏரின்னு யாராவது சொன்னாத்தான் ஏரி. வெள்ளை வெளேர்னு காய்ஞ்ச களிமண், பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. ஒரு கொக்கு கிடையாது. மதகுப் பக்கம் கல் சரிஞ்சு கிடக்கு. ஏழு மணி வெயில் பட்டதும் கண் கூசிச்சு.

அளவு தெரியட்டும், நீ ஓரமா நில்லும்மான்னு, கரையில் காத்துக்கினு இருந்த க.-வை (கன்னியம்மாவை) கூப்பிட்டார். மாட்டவே மாட்டேன்னுட்டாள். கறுத்துப் போய்ட்டேனாம், அவர் பார்க்கக் கூடாதாம். காமிராவுக்குப் பின்னால, கரை மேல எங்களோடயே நின்னுக்கினாள், இடுப்பில் ஒரு கையை வெச்சுக்கினு. சூரியன் எங்க முதுகில். பாவா கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆச்சு. ஒரே ஒரு பிளேட்.

தை 14, ஞாயிறு

படம் போட்டாச்சு. ஈரத்தோட கையில் வாங்கி ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தேன். நேத்து நான் பார்த்த இடமா இது? காய்ஞ்ச மண் பளபளன்னு வெளுப்பா விழுந்து, வெடிப்பெல்லாம் சின்னச் சின்ன அலை மாதிரி. ரொம்பின ஏரின்னு சத்தியம் பண்ணலாம்.

கீழ் ஓரத்தில் க.-வின் நிழல் நெட்டையா விழுந்திருக்கு. அசிங்கமா இருக்கு, டச்சிங் பண்ணி எடுத்துடறேன்னேன். விடுன்னுட்டார்.

தை 15, திங்கள்

க. வந்தாள். படத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு சிரிச்சாள். அக்கா, நீலம் மட்டும் அடிச்சுக் குடுத்துடுன்னாள். கரையோரம் கொஞ்சம் பச்சை.

வந்து பார்த்தா தெரிஞ்சுபோயிடுமேன்னேன். அதுக்கு அவள் சொன்னது அப்படியே:

"வந்து பாத்து திட்டட்டும்கா. திட்டறதுக்காவது எதிர்ல வந்து நிப்பாரு இல்ல."

கல்யாணம் ஆகி எட்டு மாசம்தான் கூட இருந்திருக்கார். புதன்கிழமை வான்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

தை 17, புதன்

ஏரிப் படத்தில் கறை விழுந்த காப்பி ஒண்ணு இருந்துது. அதில் நீலம் வெச்சுப் பார்த்தேன், பாட்டில் அடியைச் சுரண்டி. கரைக்குப் பச்சை. அழகாத்தான் இருக்கு. மளிகைக்கடை காலண்டரில் தொங்கற ஏரி. எந்த ஊரோ, யார் ஏரியோ. ஓரத்தில் இருந்த நிழலும் நீலத்தில் முழுகிப்போச்சு.

நீலம் இல்லாததைப் பக்கத்தில் வெச்சேன். அது அவள் ஊர் ஏரிதான். மதகுக் கல் சரிஞ்சதுகூடத் தெரியுது.

க.-வின் புருஷன் பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையோட கரை மேல ஏறி நிக்கறது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள்ள வந்துகினே இருந்துது. பாவாவைக் கேட்டேன். கலர் உன் இலாகா, என்னைக் கேக்காதேன்னுட்டார். சமயத்தில் இவர் நல்லவரா இருக்கறதுதான் தாங்க முடியல.

சாயங்காலம் க. வந்தாள். முடியாதுன்னு சொன்னேன். அவள் கத்தல. உனக்கென்னக்கா, உன் வீட்டுக்காரர் உள் ரூம்லயே இருக்காருன்னு மட்டும் சொன்னாள். சுருக்குன்னு தெச்சுது. அப்புறம் அவளே கண்ணைத் துடைச்சுக்கினு, இப்படியே அனுப்பு, இதுவே தண்ணி மாதிரிதானே இருக்குதுன்னாள். லெட்டரில் ரெண்டே வரி எழுதச் சொன்னாள். படம் அனுப்பியிருக்கேன். பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க.

எழுதினேன். காய்ஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கணும். சேர்க்கல. நீலம் அடிக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு விளங்கல.

மாசி 5, சனி

பதில் இல்லை. க. ரெண்டு தரம் வந்துட்டுப் போய்ட்டாள்.

கிராக்கி இல்லாத நேரத்தில் வாசலில் இருக்கற மரத்தைப் பார்த்தேன், சும்மாதான். பட்டை உரிஞ்ச இடம், ஒரு எறும்பு வரிசை, கிளை நிழல் கல்லில் மடங்கி விழுந்தது. இத்தனை நாளா அதைத் தாண்டித்தானே உள்ளே போய் வந்தேன்? கலர் இருந்தா பச்சை, மஞ்சள்னு பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடறோம். இல்லேன்னா கொஞ்சம் நின்னு பார்க்க வேண்டியிருக்கு. இதைப் பாவாகிட்ட சொல்லப் போறதில்லை. தலையில் ஏறி உட்கார்ந்துப்பார்.

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், பஞ்சு, தீப்பெட்டி (கிடைச்சா).

மாசி 24, வியாழன்

வெயில் ஆரம்பிச்சாச்சு. மாவடு ஊறப் போட்டேன். மத்தியானம் க. ஓடி வந்தாள், லெட்டரோட. மூச்சு வாங்கிக்கினு வாசலை அடைச்சு நின்னாள். வாங்கிப் பிரிச்சேன்.

முதல் வரி: ஏரி வத்திப்போச்சுன்னு படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.

நிறுத்திட்டேன். படி அக்கான்னாள்.

கூட இருக்கறவங்க எல்லாம் தண்ணி தண்ணின்னாங்களாம். இவர், தண்ணியில் நிழல் இப்படிக் கோடு பிடிச்ச மாதிரி விழாது, இது காய்ஞ்ச மண்ணுன்னாராம். இடுப்பில் கை வெச்சு நின்னதைப் பார்த்ததும் அது நீதான்னு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார். இங்கே நாலு வருஷமா எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை, கண்ணு புளிச்சுப்போச்சு, கறுப்பும் வெளுப்புமா நம்ம மண்ணைப் பார்த்ததும்தான் மனசு ஆறிச்சுன்னும். அப்புறம் இது: நீ இப்படிக் குச்சி மாதிரி இளைச்சுப் போயிருப்பேன்னு நான் நினைக்கல. எழுதிக் குடுக்கல. டிஸ்சார்ஜ் கேட்டுட்டேன். பங்குனியில் வரேன். ஏரி காய்ஞ்சு கிடக்கும்போதே மதகைக் கட்டிடலாம்.

க. அழுதுகினே சிரிச்சாள். நான் பாவாவைப் பார்த்தேன். அன்னிக்கே காமிராவில் நிழல் தெரிஞ்சுதாம், தெரிஞ்சேதான் விட்டாராம். இப்போ சொல்றார்.

க. தன் கையை, இடுப்பை எல்லாம் தொட்டுப் பார்த்துக்கினாள்.

"நான் இளைச்சுட்டேனாக்கா?"

படத்தில் விழுந்தது காலை ஏழு மணி நிழல். யானை நின்னாலும் பனைமரமாத்தான் விழும். பாவா இருட்டு ரூம் கதவண்டை நின்னு என் வாயையே பார்த்துக்கினு இருந்தார்.

"ஆங்," என்றேன். "பாதியா போய்ட்டே."