பெட்டிக்குள் என் பேர்

29 செப்டம்பர் 2023, ஓமரு, நியூசிலாந்து

இந்த மாதம் இது பதினோராவது வசைக் கடிதம். அடிலெய்டில் எவனோ ஒருவனுக்கு வாசல் கேட் திறக்கவில்லையாம், நான் நாசமாய்ப் போக வேண்டுமாம். அந்தக் கேட்டை நான் பார்த்ததுகூட இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நேரம் கணக்கிடும் சின்ன நிரல் ஒன்றை, மற்ற நிரல்களுக்குள் செருகிக்கொள்ளும் லைப்ரரியாக எழுதி இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், விற்கிற பொருளிலும் போடலாம், காசு வேண்டாம். என் பேரும் உரிமமும் மட்டும் கூடவே இருக்க வேண்டும். கேட்டுக்கும் பம்புக்கும் டைமர் பெட்டி விற்கும் ஆக்லாந்து கம்பெனி எடுத்துக்கொண்டது. பெட்டித் திரையின் கடைசிப் பக்கத்தில் என் பேர், மர்டோ கால்பிரேத், மின்னஞ்சல் முகவரியோடு. கோபத்தில் இருக்கிறவன் கடைசிப் பக்கம்வரை போய்விடுகிறான்.

4 அக்டோபர்

பேரை எடுங்கள் என்று எழுதியிருந்தேன். கம்பெனி வக்கீல் பிலிப்பா கூப்பிட்டாள். தேன் குரல்.

"எடுத்தா உங்க உரிமத்தை மீறினதா ஆயிடும் சார். நீங்க போட்ட நிபந்தனைதானே?"

நானே அனுமதி தருகிறேன் என்றேன். ஆளாளுக்குத் தனி அனுமதி வாங்குவது அவர்கள் வழக்கமில்லையாம். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

9 அக்டோபர்

கிழக்கே இருக்கும் எங்கள் நாட்டுச் சாத்தம் தீவிலிருந்து போன். ஹெனியாம். டைரக்டரியில் தேடி நம்பர் பிடித்திருக்கிறாள். சிங்கி இறாலை உயிரோடு தொட்டியில் வைத்து விமானத்தில் அனுப்புகிறவள். கடல் ஏறும் நேரம் பார்த்து டைமர் பெட்டி பம்பை ஓட்டித் தொட்டிக்குத் தண்ணீர் இழுக்க வேண்டும். இந்த சீசனில் மாட்டிய பெட்டி கால் மணி முன்னதாகவே ஓட்டிவிடுகிறது. குழாய் வாயில் தண்ணீர் இருக்காது, பம்பு காற்றை உறிஞ்சி நின்றுவிடும். கம்பெனியைக் கேள் என்றேன்.

"நாலு நாளா போன்ல பாட்டுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். யோவ், அந்தப் பெட்டியில மனுசன் பேருன்னு இருக்கறது உன் பேரு ஒண்ணுதான்யா."

வைத்துவிட்டேன்.

10 அக்டோபர்

எதற்கும் நான் பொறுப்பில்லை என்று உரிமத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரியாதா இவளுக்கு?

12 அக்டோபர்

என் பழைய நிரலை எடுத்துப் பார்த்துத் தொலைத்தேன். சாத்தம் நேரம் நம்மைவிட முக்கால் மணி முன்னே. என் முதல் பதிப்பு அதை ஒரு முழு மணியாக்கிவிடும், அதுதான் அந்தக் கால் மணி. இந்த நாட்டிலேயே பிறந்தவனுக்கு அது மறந்திருக்கிறது, வெட்கக்கேடு. ஆனால் 2016-லேயே திருத்திவிட்டேன்! அந்தச் சோம்பேறிகள் இன்னும் பழசையே போட்டு விற்கிறார்கள். ஜெயித்த மாதிரி இருந்தது. உடனே ஹெனிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது இல்லை என்றேன்.

"சரி. காலையில எண்பது கிலோவக் குழி தோண்டிப் புதைச்சேன். உன் தப்பு இல்லன்னு அதுங்ககிட்ட சொல்லிடறேன்."

என்ன திமிர். ஆனால் அந்தப் பழசை எழுதினவனும் நான்தானே?

13 அக்டோபர்

திருத்திய பதிப்பு கையில் இருக்கிறது, உள்ளே போட வழியில்லை. கம்பெனி அனுப்புவதை மட்டும்தான் பெட்டி ஏற்கும். நான் சும்மா கொடுத்த பொருளுக்கு அவன் பூட்டு! பிலிப்பாவுக்கு எழுதினால், "குறித்துக்கொண்டோம்." நாசமாப் போங்கடா.

14 அக்டோபர்

ஹெனியோடு ஒரு மணி நேரம் போனில். பெட்டிக்கு நேரம் கொடுக்கும் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தைக் கையாலேயே கால் மணி பின்னே தள்ளச் சொன்னேன். திட்டிக்கொண்டே செய்தாள். நானும் திட்டிக்கொண்டேதான் சொன்னேன். பிறகு கடல் ஏறும்வரை இரண்டு பேரும் போனை வைக்காமல் காத்திருந்தோம். பம்பு தண்ணீர் இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

20 நவம்பர்

எல்லாப் பெட்டிகளுக்கும் வேறு லைப்ரரியோடு புதுப் பதிப்பு போய்விட்டதாம். இனி என் பேர் எங்கும் வராது, மகிழ்ச்சிதானே என்று கேட்டு எழுதியிருக்கிறாள் பிலிப்பா. மகிழ்ச்சிதான். பத்து நாளாக ஒரு வசைக் கடிதம் இல்லை.

28 நவம்பர்

ஹெனி படம் அனுப்பியிருக்கிறாள். பெட்டி மூடிமேல் வெள்ளை டேப், அதில் மார்க்கரால் என் பேரும் போன் நம்பரும். கீழே ஒரு வரி: "திரையில பேரக் காணோம். அடுத்த தடவை நின்னா நான் யாரத் திட்டறது?"

நம்பரில் கடைசி எண் தப்பு. திருத்தி அனுப்பினேன்.