ஈதர் தெளிந்த நேரம்

12-3-1958, புதன்

மருங்காபுரி அம்மாளுக்கு இன்று மயக்கத்துக்கு நான்தான் ஈதர் கொடுத்தேன். வயிற்றைத் திறந்த சர்ஜன், புற்று எங்கும் பரவிவிட்டது என்று அப்படியே மூடிவிட்டார். மயக்கம் தெளிகையில், "வீரமலை, வலி தாங்க முடியலையே" என்று அலறினாள். வாசலில் நின்ற புருஷன் வீரமலை ஆடிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாதாம்.

நன்றாக விழித்ததும், "ஏதாச்சும் உளறிட்டேனா?" என்று பயந்து கேட்டாள். "ஒண்ணும் இல்ல, படு" என்றார் அவர்.

வலிக்கிறதா என்று நான் கேட்டேன். அவரைப் பார்த்துக்கொண்டே "இல்லைங்க" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

வராந்தாவில் அவர், "வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லைங்க" என்றார்.

கிளம்பும்போது நர்ஸிடம் சொன்னேன்: "வலிக்குதான்னு அவங்களைக் கேட்காதீங்க, சிஸ்டர். வேளைக்கு மார்பியா ஊசி போட்டுடுங்க."