பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மார்ச் 3, ஞாயிறு

கார் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. தெருமுனை மெக்கானிக் பானட்டைத் திறக்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார். “ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு தம்பி. புதுசு போட்ரலாம்.” காரை விற்றால்கூட அந்த மோட்டாரின் விலை தேறாது. மூடிய பானட் வழியாகப் பார்க்கும் ஞானக்கண் எனக்கு இல்லை. மல்டிமீட்டர் இருக்கிறது.

அப்பாவுக்குப் பதற்றம். அவருடைய அக்கா எங்களோடு தங்க வருகிறாள். ஒரு மாதம், என் அறையில். நான் ஹாலில். வாடகைக் காரில் வரமாட்டாளாம். “வாடகை வண்டில வந்தா விருந்தாளி. தம்பி வண்டில வந்தாதான்டா வீட்டு ஆளு.” அத்தையின் சட்டத்துக்கு அப்பா திருத்தம் கொண்டுவந்ததில்லை.

அம்மா ஏதோ முணுமுணுத்தாள். குறுக்கே பேசாதே என்றேன். மீட்டருக்கு பேட்டரி தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

பிடித்துவிட்டேன்!

அம்மாவை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து, சொல்லும்போதெல்லாம் சாவியைத் திருப்பச் சொன்னேன். கார் பேட்டரி நலம். மோட்டாருக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறது. அப்புறம் பேட்டரியின் மைனஸில் ஒரு முனை, எஞ்சின் மேல் ஒரு முனை. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய மீட்டர் ஒன்பது வோல்ட் காட்டியது. போன கரண்ட் திரும்பி வர வழியில்லை! எர்த் வயர் எஞ்சினோடு சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நட்டை முறுக்கினேன். கர்ஜித்தது.

அம்மா கேட்ட கேள்விகள்தான் ஆச்சரியம்.

“இந்த ஒத்த நட்டு தளர்ந்தாலே வண்டி எடுக்காதா?”

“எடுக்காது.”

“மோட்டாருக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“ஆகாதும்மா.”

“எதால திருப்பணும்?”

பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் தளரும் என்று செய்து காட்டினேன். என்னோடு படித்த ஒரு பயலுக்கும் இந்த ஆர்வம் இருந்ததில்லை.

மார்ச் 9, சனி

அத்தையை அழைத்துவர அப்பா சட்டை மாற்றிக்கொண்டு இறங்கினார். டிக்.

அதே நட்டு. தளர்ந்திருக்கிறது. நான் முறுக்கிய நட்டா? சரி செய்வதற்குள் அத்தை போனில் கோபித்துக்கொண்டு பயணத்தை அடுத்த சனிக்குத் தள்ளிவிட்டாள்.

மார்ச் 16, சனி

டிக்.

மார்ச் 17, ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தேன். வாரம் முழுக்க ஓடுகிறது, சனிக்கிழமை மட்டும் தளர்கிறது. கிழமைக்கும் இரும்புக்கும் என்ன உறவு? வெயிலா? அதிர்வா? நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா? எதுவாக இருந்தால் என்ன, இனி விடப்போவதில்லை. நட்டின் மேல் இன்னொரு நட்டு, மரைக்குள் பிடிப்புப் பசை.

ஸ்பேனரைக் காணாமல் வீட்டையே புரட்டினேன். கரண்டி டப்பாவில் இருந்தது. அப்பாவுக்கு எதை எங்கே வைப்பது என்று ஒரு முறை கிடையாது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “இனிமே தளரவே தளராதா?”

“சூடு காட்டினாதான் தளரும். யானை வந்து இழுத்தாலும் அசையாது.”

“நல்லா இரு” என்று உள்ளே போய்விட்டாள். மதியம் சாப்பாட்டில் உப்பே இல்லை.

மார்ச் 23, சனி

சாவியில் ஒரே திருகு. கார் எடுத்தது. அத்தை வந்தாயிற்று. வெற்றி.

மார்ச் 24, ஞாயிறு

ஹாலில் பாயில் படுத்து எழுதுகிறேன். என் மேசை மேல் அத்தையின் பெட்டிகள். என் மின்விசிறி அத்தைக்குச் சுற்றுகிறது. “ஒரு மாசம்னு சொல்லி வெச்சேன் மருமகனே. அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். அப்புறம் என்றால்? அப்பா செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அலமாரியில் என் சட்டைகளை இறக்கிவிட்டுப் புடவை அடுக்குகிறாள். இது ஒரு மாதத்துப் புடவை இல்லை.

சனிக்கிழமை. கரண்டி டப்பா. எந்த நட்டு, எதால திருப்பணும் —

அட மடையா!

அடுக்களைக்குப் போய் நின்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்லம்மா?”

“உங்கப்பாகிட்ட உங்க அத்தைய வேணாம்னு நான் சொல்லவா? உன்கிட்ட சொல்ல வந்தேன், குறுக்க பேசாதன்ன. எஞ்சின் முனகுறது கேக்குது, பெத்தவ முனகுறது கேக்கல. என்னடா படிச்ச நீ?”

 அந்த முனகலை அளக்க என் மீட்டரில் வழியில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

சாப்பிடும்போது அத்தை, “பொண்ணு வீட்டுக்கு ஒரு எட்டு போயி கொஞ்ச நாள் இருக்கணும்” என்றாள். சொல்லி முடிக்கவில்லை, வாசலில் எஞ்சின் சத்தம். அம்மா! காரை எடுத்தே விட்டாள்.

அத்தை காது கொடுத்துக் கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். “மருமகன் கைராசி. வண்டிதான் எப்பவும் தயாரா நிக்குதே, எப்ப வேணா போய்க்கலாம். என்ன அவசரம்?”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பசை இளகியிருக்கும்.

ஏப்ரல் 13, சனி

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் என் மேசையில், அதாவது அத்தையின் மேசையில் இருந்தது. எடுக்கப் போனேன்.

“எதுக்கு மருமகனே?”

“ஒண்ணத்த இளக்கணும் அத்தை.”

ஏப்ரல் 20, சனி

காலையில் டிக். மாலையில் எடுத்தது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை கேட்டாள். “வயசான வண்டி அத்தை. இன்னிக்கு எடுக்கும், நாளைக்கு என் கையில இல்ல” என்றேன். அத்தை யோசித்தாள். இரவே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அத்தை மகள் வீட்டு வாசலில் தம்பி காரிலேயே போய் இறங்கினாள். இறங்கியதும், “அடுத்த மாசம் வண்டிய அனுப்பிடுடா தம்பி” என்றாள்.

“அனுப்பாம இருப்போமா அண்ணி?” என்றாள் பின்சீட்டிலிருந்து அம்மா.

இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. என் மேசையைத் துடைத்தேன். ஸ்பேனரைத் துடைத்துக் கரண்டி டப்பாவில் வைத்தேன்.