பால்மரத்தடியில் படித்த கால்குலஸ்

இன்று காலை சுங்கைப் பட்டாணி சந்தியில் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உன் நினைப்புத்தான்.

ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது நாம் இருவரும் ஒரே வகுப்பு. கால்குலஸ் புத்தகம் உன்னிடம் மட்டும் இருந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் உன் பெயர் ஏறியது. என் அப்பா ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அதனால் என் பெயர் ஏறவில்லை. நீ தோட்டத்துக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் ஒளிந்துகொண்டாய். நான் தினமும் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவேன். நீ தின்றுகொண்டே குச்சியால் மண்ணில் கோடு கிழிப்பாய்.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் காண்பது இன்டெக்ரேஷன், கோட்டின் சரிவைக் காண்பது டிஃபரன்ஷியேஷன். "ஒண்ணு கட்டுறதை இன்னொண்ணு அவிழ்த்துடும்" என்பாய்.

"பரப்புக்கும் சரிவுக்கும் என்னடா சம்பந்தம்? சும்மா அளக்காதே லா!" என்று மல்லுக்கு நிற்பேன். எத்தனை முறை சொன்னாலும் புரியலை என்பேன்.

"நாளைக்கு மரத்துலேயே காட்டுறேன். அப்பவாவது வாயை மூடுவியா?"

மறுநாள் விடிந்ததும் வெளியே வந்தாய். பால்மரத்தில் வெட்டுப் போட்டு, பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கீழே வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணச் சொன்னாய். முதலில் மளமளவென்று விழுந்தது, போகப்போக மெதுவானது.

"ஒவ்வொரு நிமிஷத்துச் சொட்டையும் கட்டம் கட்டமா வரைஞ்சு கூட்டு. அந்தப் பரப்புத்தான் மங்குல இருக்கிற பால். இப்ப பால் ஏறுறதைத் தனியா ஒரு கோடா போடு. அதோட சரிவு என்ன? மறுபடியும் அதே சொட்டு வேகந்தானே!"

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் லாரி வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் உன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களோடு வந்த தோட்டத்துக் கங்காணி என்னைப் பார்த்து, "இவன் கிராணி மகன்" என்றான். என்னை விட்டுவிட்டார்கள்.

லாரியில் ஏறும்போது, "இப்பப் புரிஞ்சுதா?" என்று கேட்டாய்.

சயாமில் காலராவில் போய்விட்டாயாம். திரும்பி வந்தவர் ஒருவர் சொன்னார். உனக்கென்று தனிக் குழிகூட இல்லையாம். பாவி, நான் மட்டும் கணக்கு வாத்தியாராகி அதே பாடத்தை வருஷா வருஷம் நடத்தினேன்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ மண்ணில் கிழித்த கோட்டிலேயே, முதல் நாளே, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் நீ கற்றுக்கொண்டாயே என்ற வயிற்றெரிச்சலில்தான் புரியாத மாதிரி நடித்தேன், வேறொன்றும் இல்லை. புரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று காலை நீ புதரை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாய்.