மண்ணீரல் இருக்கும் இடம்

இன்று காலை ஆய்வகத்தில் புது உடல் மாதிரியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தலை, கை, கால் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் மனிதன். முன்பக்க மூடியைக் கழற்றியதும் புது பிளாஸ்டிக் வாடை குப்பென்று வந்தது. எனக்கு அந்த வாடை தலைவலி. நீயோ மூடிக்குள் மூக்கை விட்டு ஆசை தீர இழுப்பாய். உறுப்புகளை மேசையில் பரப்பிவிட்டுத் திரும்ப அடுக்கினேன். எல்லாம் வைத்து முடித்த பிறகு ஒரு துண்டு கையில் மிஞ்சியது. மண்ணீரல். அதைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது.

நீ இருந்திருந்தால் மிஞ்ச விட்டிருக்க மாட்டாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாம், அதே பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் ஆசிரியராகவும் நீ ஆய்வக உதவியாளராகவும் வந்து சேர்ந்தோம். கேட்டுக்கு உள்ளே நான் உனக்கு 'சார்', வெளியே டீக்கடைக்குப் போனால் 'டேய்'. அந்தக் கணக்கில் நீ ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் என்னைக் குத்த வேண்டும் என்றால் 'சார்' கொஞ்சம் அழுத்தமாக விழும். "அது இரைப்பைக்குப் பின்னாடி, விலா எலும்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும் சார். மொதல்ல அத வச்சுட்டு அப்புறமா மத்தத வைங்க சார்" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்வாய். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அது மறந்துவிடும்.

வயிற்றுப் பாடம் நடத்தும்போது நீ இல்லாமல் நான் வகுப்புக்குப் போனதே கிடையாது. மேலே மார்புக் குழி, கீழே வயிற்றுக் குழி, இரண்டுக்கும் நடுவே குடை விரித்த மாதிரி உதரவிதானம் என்கிற தசை. வயிற்றுக் குழிக்குக் கீழே இடுப்புக் குழி, ஆனால் அவை இரண்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒருநாள் நீயே வந்து நின்று, "என் மேல போடுங்க சார்" என்றாய். உன் சட்டையின் மேல் சாக்பீஸால் நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டேன். ஒன்பது கட்டம் வந்தது. இடது பக்கம் மேல் கட்டத்தைத் தொட்டு, "இங்க என்ன இருக்கு?" என்று வகுப்பைக் கேட்டேன். நீ முந்திக்கொண்டு, "காலையில சாப்ட்ட ரெண்டு இட்லி" என்றாய். அன்றைக்குச் சிரித்த பிள்ளைகள் ஒன்பது கட்டத்தையும் பரீட்சையில் தப்பில்லாமல் எழுதினார்கள்.

அந்த இடது மேல் கட்டத்தில்தான் உன் உயிர் போகிற காரியம் நடந்தது.

அடி அண்ணாமலையில் உங்கள் தெரு அம்மன் ஆடி வெள்ளியன்று காலையில் ஊர்வலம் வருவாள். வீட்டுக்கு ஒரு தோள் என்பது உங்கள் தெரு வழக்கம். உன் அப்பா தூக்கிய அதே இடம், அம்மனைச் சுமக்கும் இடப்பக்கத் தண்டில் முன்னாலிருந்து இரண்டாவது, உனக்கு வந்தது. சாமி தூக்கிய தோள்வலி மூன்று நாள் இருக்கும் என்றும், அதற்கு மருந்து தேடுவது அம்மனைக் குறை சொல்வது மாதிரி என்றும் உங்கள் தெருவில் பேச்சு. வலியைப் பிரசாதம் மாதிரி வைத்துக்கொள்வீர்கள். நான் கேலி செய்வேன், நீ காதில் வாங்க மாட்டாய்.

உன் கடைசி ஆடியில், ஊர்வலம் முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய்.

"ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"படுத்தா ஜாஸ்தியா இருக்கு. உக்காந்தா கம்மி. மூணு நாள் முடிஞ்சிடுச்சில்ல, நாளைக்குப் போயிடும் சார்."

"வேற எங்கனா அடிபட்டுச்சா?"

"இறக்கி வைக்கறப்ப நான்தான் அவசரப்பட்டுக் குனிஞ்சிட்டேன். தண்டு விலாவுல ஒரு குத்து குத்திச்சு. அம்மா தட்டிக் குடுத்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். இதை எழுதித்தான் ஆகவேண்டும். நான் சிரித்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டு, "வயிறு ரொம்பின மாதிரி இருக்கு" என்று மூடி வைத்தாய். அதையும் பார்த்தேன். என் மேசையிலிருந்த தைலத்தை எடுத்து உன் தோளில் தேய்த்துவிட்டேன். தோளில் சாமி தூக்கிய காய்ப்பு கல் மாதிரி இருந்தது. இத்தனை வருடம் தண்டு ஏறிய தோள், வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்திலேயே பழைய பிளாஸ்டிக் மனிதன் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றிருந்தான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் விழுந்தாய் என்று போன் வந்தது. கிரிவலப் பாதையில் ஆட்டோ போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்வதற்குள் உன்னை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். அன்று இரவே எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை தண்டு இடித்ததில் மண்ணீரலின் உறைக்குள் ரத்தம் கட்டி இரைப்பையை நெருக்கியிருக்கிறது, கொஞ்சமாகக் கசிந்துமிருக்கிறது. மூன்று நாள் தாங்கிய உறை திங்கட்கிழமை கிழிந்து, வயிற்றுக் குழி முழுக்க ரத்தம். "உதரவிதானத்துக்கு வர்ற நரம்பு கழுத்துலேர்ந்து கெளம்புது. தோளோட நரம்பும் அங்கேர்ந்துதான். கீழ ரத்தம் உறுத்துனா மூளை அத தோள் வலின்னு எடுத்துக்கும்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தலையாட்டினேன். கல்லூரியில் இதை ஒரு வரியாகப் படித்தவன் நான். தசைவலியாக இருந்தால் படுத்தால் குறையும், அதிகமாகாது. அதுகூட எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க தேச்சுவிட்டது சுகமா இருந்துச்சுன்னு வந்ததும் சொன்னாருங்கண்ணா. நானும் கூடத்தான் இருந்தேன். எனக்கும்தான் தெரியல" என்றாள்.

நான் படித்தவன், அவள் படிக்காதவள். இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தாள். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இருந்திருக்காது.

இப்போது உன் இடத்தில் உன் தம்பி தோள் கொடுக்கிறான். போன ஆடியில் ஊர்வலம் முடிந்த மறுநாள் தோள்வலி என்று சொன்னான். என் வண்டியில் ஏற்றி, அவன் திட்டத் திட்ட வேங்கிக்கால் தாண்டிக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். தசைப்பிடிப்புதான், வேறொன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். "வெறும் தோளுக்கா சார் இந்தப் பாடு? கடையத் தொறக்காம வந்தேன்" என்று முறைத்தான். எனக்குச் சந்தோஷத்தில் வண்டிச் சாவியைத் துளையில் விட முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவன் பார்த்துவிட்டான். சாவியை என் கையிலிருந்து வாங்கி, வீடு வரும்வரை அவனே வண்டி ஓட்டினான்.

அவன்தான் தெருவில் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஆடியில் அம்மனை இறக்கி வைத்ததும் சாமி தூக்கிய அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் என் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். சட்டை இல்லாத உடம்பு, வேர்வை, விபூதி. "வாத்தியாரே, வயித்தப் பாருங்க" என்று ஒருவர் தொப்பையைத் தள்ளிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கேயாவது இடித்ததா என்று கேட்டு, விலாவின் கீழே இடது பக்கம் மெதுவாக அழுத்திப் பார்த்து, ஒவ்வொருவராக அனுப்பினேன். உன் தம்பி கடைசியாக வந்தான். அவன் மட்டும் சிரிக்காமல், நான் கையை எடுக்கும்வரை நின்றான்.

அன்றைக்கு எல்லோரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்.