கேட்டுட்டுச் சொல்றோம்

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்து எழுதுகிறேன். காலையில் இதுவரை இரண்டு பற்கள் போயின, ஒரு மின்னஞ்சல் வந்தது. இசைப் பதிப்பு நிறுவனம் எண் ஒன்பது: "பாட்டு அருமை. பிரபல பாடகர் யாராவது பாடியிருந்தால் பரிசீலிப்போம்." பிரபல பாடகர் ஒருவரைப் போன மாதம் கேட்டபோது, "ஏதாவது கம்பெனி எடுத்திருந்தா பாடலாம்மா" என்றார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ!

எனக்கு இருப்பது ஒரே ஆசை. எங்கள் வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு வாய் என் பாட்டைப் பாட வேண்டும். இது பேராசையா?

மார்ச் 9
பத்தாவது கம்பெனிக்குப் போன் செய்தேன். "கேட்டுட்டுச் சொல்றோம்" என்றாள் அங்கே போன் எடுக்கும் பெண்.

மார்ச் 17
"கேட்டுட்டுச் சொல்றோம்."

மார்ச் 22
புது மெட்டு. துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே நாத்தனாரை நிற்க வைத்துப் பதிவு செய்தேன். அங்கே எதிரொலி வராது, வியர்வைதான் வரும். அசல் வரி அமையும்வரை வாய்க்கு வந்ததை மெட்டில் போட்டுப் பாடிப் பார்ப்போம். டம்மி வரி என்போம். இன்று வாய்க்கு வந்தது இது:

கேட்டுட்டுச் சொல்றோம், கேட்டுட்டுச் சொல்றோம்,
காதெங்கே வெச்சீங்க, தேடிட்டுச் சொல்லுங்க!

உருகி உருகிப் பாடினாள். பிறகு அசல் வரி: நிலவு, நதி, நீ.

"அண்ணி, இதுக்கு அதுவே தேவல."

"வாயை மூடிட்டுப் பாடு" என்றேன்.

மார்ச் 23
அதே பத்தாவது கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. ரோஷமா? அதெல்லாம் ஐந்தாவது கம்பெனியோடு போய்விட்டது.

மார்ச் 24
ஐயையோ. டம்மியை அனுப்பிட்டேன்! அவங்க சொன்னதையே அவங்க மூஞ்சில— போச்சு. எல்லாம் போச்சு.

"விடு, எப்படியும் கேக்க மாட்டாங்க" என்கிறார் கணவர். ஆறுதலாம்!

ஏப்ரல் 2
கேட்டுவிட்டார்கள். மேலாளரே கூப்பிட்டார். "ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம் மேடம். எங்களுக்கு இது வேணும்."

எழுந்து நின்றே கேட்டேன்: படத்துக்கா, ஆல்பத்துக்கா?

"இல்ல மேடம், எங்க போன்ல ஆளுங்க காத்திருக்கும்போது ஒண்ணு ஓடுமே, அதுக்கு."

சரி என்றேன். வெட்கங்கெட்டவள். நிலவுப் பாட்டு? "அதையும் அனுப்புங்க, பார்க்கலாம்."

மே 6
அனுப்பி ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று போன் செய்தேன். ஸ்பீக்கரில் என் பாட்டு நான்கு முறை ஓடியது. எழுதியவர் யார் என்று ஒரு பேச்சு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனாரோ கூடவே பாடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் முறை பாதியில் அந்தப் பெண் எடுத்தாள். நிலவுப் பாட்டு என்ன ஆயிற்று என்றேன்.

"கேட்டுட்டுச் சொல்றோம், கேட்டுட்டுச் சொல்றோம்..."

என் மெட்டில்! இரண்டாவது 'சொல்றோமி'ல் நான் வைத்த இழுப்பு உட்பட. அவளே திடுக்கிட்டு நிறுத்தினாள். "சாரி மேடம். நாள் பூரா இதே வாயில வந்துடுது."

ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"பரவால்லம்மா. இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.